புலியைக் கொன்ற பாதிரியார்: ஃபூஜியன் மலைகளில் ஹாரி கால்ட்வெல்

கால்டுவெல் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் வாசகரின் நெஞ்சில் எழுபவர், இடையன்குடியில் வாழ்ந்து 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் ஐயரே ஆவார். இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன தேசம் சென்று, அதன் தென்கிழக்குக் கடற்கரை மாகாணமாகிய ஃபூஜியனில் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக நெடுங்காலம் உழைத்தவரும், வேதபுத்தகத்தோடு துப்பாக்கியையும் தோளில் சுமந்துகொண்டு மலைக்கிராமங்களெங்கும் சஞ்சரித்தவருமாகிய ஹாரி கால்ட்வெல் என்பவரே இதன் நாயகர். தம் அனுபவங்களை அவர் 1924இல் ‘நீலப்புலி’ என்னும் தலைப்பிட்ட ஆங்கில நூலாக வெளியிட்டார். அதை வேட்டை நூலாகப் படித்து மகிழ்ந்தோர் பலர். சபையின் சரித்திரத்துக்கு ஒரு துணைநூலாகக் கொண்டோரும் உண்டு. புலியோடு தலைமுறை தலைமுறையாக ஒரே மலையைப் பங்கிட்டு வாழ்ந்த குடியானவர்களைப் பற்றிய சாட்சியமாகவும் அதைப் படிக்கலாம் என்பதும், அவ்வாறு படிக்குங்கால் பாதிரியார் சுவிசேஷத்தின் வெற்றி என்று எண்ணியதற்கு முற்றிலும் வேறான ஒரு காரணம் புலப்படும் என்பதும் என் கருத்து.

அபினி யுத்தத்தின் முடிவில் 1842இல் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கை, ஃபூஜியன் மாகாணத்தின் இரு துறைமுகங்களாகிய ஃபூஜோவையும் அமாயையும் அந்நியருக்குத் திறந்துவிட்டது. அமெரிக்க மெதடிஸ்ட் பாதிரிமார் 1847இல் ஃபூஜோவில் வந்திறங்கினர். அவர்கள் தம் முதற் சீன விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1857இல்; ஆக, ஓர் ஆத்துமாவைப் பெறப் பத்தாண்டுக் காலம் பிரசங்கிக்க வேண்டியிருந்தது. அந்நியர் மீதிருந்த வெறுப்போ, பீரங்கி முனையில் வந்த மதம் என்ற நினைவோ பின்னர் எளிதில் மறைந்துவிடவுமில்லை. 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று, இதே மாகாணத்தின் குத்தியன் மலைப்பகுதியில், மரக்கறி விரதம் பூண்ட ஒரு ரகசியக் கூட்டத்தார் ஆங்கிலேயப் பாதிரி இல்லமொன்றைத் தாக்கி, பெண்டிரும் குழந்தைகளும் உட்பட 11 பேரைக் கொன்றனர். கால்ட்வெல் வந்து சேர்ந்தபோது அந்தச் சம்பவம் நடந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் மலைக்கிராமத்துக்குள் நுழைந்தால் கதவுகள் சாத்தப்படுவதும், நாய்கள் அவிழ்த்துவிடப்படுவதும் வியப்புக்குரிய செய்திகளல்ல.

கால்ட்வெல்லின் முதல் ஊழியக்களம் ஃபூஜோவுக்குத் தெற்கே கடலோரமாக அமைந்த ஃபூச்சிங் வட்டாரம். இப்பிரதேசத்தின் நிலவியல்பை அறியாமல் அங்கு நடந்த வேட்டையை விளங்கிக்கொள்ள முடியாது. இந்தியாவின் புலி வேட்டைக் கதைகளைப் படித்துப் பழகிய நமக்கு, புலி என்றதும் அடர்ந்த கானகமும், அதில் மரக்கிளை மீது கட்டிய பரணும் மனத்தில் தோன்றும். ஃபூச்சிங் மலைகளிலோ பரண் கட்டுவதற்குரிய மரமே அரிது. சமவெளி குறைவு, ஜனத்தொகை மிகுதி; அதனால் நெல் வயல்கள் பள்ளத்தாக்குகளை நிறைத்தது போக, மலைச்சரிவுகளும் படிப்படியாக வெட்டப்பட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்திருந்தது. 1593இல் பிலிப்பைன்ஸின் லூஸான் தீவிலிருந்து ஃபூஜியன் வணிகர் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கிழங்கு, நெல் விளையாத மேட்டு நிலங்களிலும் விளைந்து, மனிதரை மேலும் மேலும் உயரத்துக்கு ஏற்றிவிட்டது. மரங்களெல்லாம் விறகாகிப்போன பின்னர், அடுப்பெரிக்க மிஞ்சியவை மலையில் முளைக்கும் புல்லும் பெரணியுமே. ஆண்டுதோறும் அரிவாளால் மழிக்கப்பட்ட அந்த மொட்டை மலைகளுக்கிடையே, ஓடைகள் அரித்த ஆழமான கிடங்குகளில் மட்டும், கத்தி விளிம்புள்ள உயரமான புல்லும் முட்புதரும் பின்னிப் பிணைந்து, மனிதன் நுழைய இயலாத இருண்ட சுரங்கங்களாக நின்றன. புலிக்கு எஞ்சிய வீடு அது ஒன்றே.

காடு போன வழியே மானும் போயிற்று. ஆகையால் அக்கடற்கரைப் புலி, கிராமத்தின் ஆட்டையும் பன்றியையும் நாயையும் நம்பி உயிர் வாழ்ந்தது. அதன் பதுங்கிடத்துக்கு மிக அருகே, குனிந்த முதுகுடன், ஓசையின்றி, தனித்தனியாகப் பகல் முழுவதும் இயங்கியவர்கள் யாரென்றால், அடுப்புக்குப் புல்லறுக்கப் போன சிறுவர்களும் பெண்களுமே. புலியின் கண்ணுக்குக் குனிந்த மனிதன் நாலுகால் பிராணியாகத் தோன்றுகிறான் என்பது வேட்டைக்காரர் பலரும் கூறும் செய்தி. ஃபூச்சிங்கில் உயிர்ப்பலி மிகுந்ததற்குப் புலியின் குரூரத்தைவிட அடுப்பின் பசியே பெரிய காரணம் என்று சொல்ல வேண்டும். வறிய குடும்பத்தில் புல்லறுக்கும் வேலை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழும். செல்வர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போவான். புலி எந்த வீட்டுக் குழந்தையைக் கொண்டுபோயிற்று என்பது முன்னரே தீர்மானமாகிவிட்ட விஷயம்.

சீனர்கள் கைகட்டி இருந்தவர்களல்லர். வட்டார வரலாறுகள் என்று ஒவ்வொரு மாவட்டமும் எழுதிவைத்த பழைய ஏடுகளில், வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றின் வரிசையிலேயே புலித்தொல்லையும் ஆண்டுக் கணக்கோடு பதிவாகியிருக்கிறது. விஷம் தோய்ந்த அம்பை நாணேற்றிப் புலி நடமாடும் தடத்தில் வைக்கும் பொறிகள் இருந்தன, குழிகள் இருந்தன, தொழில்முறை வேட்டைக்காரர் குழுக்களும் இருந்தன. இவர்கள் நீண்ட கம்பில் பொருத்திய முக்கவர் ஈட்டிகளை ஏந்தி, தீப்பந்தங்களுடன் புலி படுத்திருக்கும் குகைக்குள்ளேயே புகுந்து அதைக் குத்திக் கொல்லும் வழக்கத்தைக் கண்ட மேல்நாட்டார் திகைத்துப்போயினர். பந்தத்தின் கூசொளி கண்ணில் விழ, விலங்கு ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத்தை நம்பி இறங்கிய அம்மனிதர்களின் துணிவுக்கு முன்னால், நூறு கஜத்துக்கப்பால் நின்று விசையை அழுத்துபவரின் வீரம் சற்று வெளிறியே தோன்றுகிறது. ஆனால் நூல் எழுதியவர்கள் ஈட்டி ஏந்தியவர்களல்லர்.

கால்ட்வெல்லின் துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயுதப் பிரியர்களிடையே அவருடைய பெயர் நிலைத்ததற்கு அதுவே காரணம். அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் 1912இல் வெளியிட்ட .22 ஹைபவர் என்ற ரகத்தின் குண்டு 70 கிரெயின், அதாவது நான்கரைக் கிராம் எடையே கொண்டது. மான்போன்ற சிறு விலங்குகளுக்கே உரியது என்று அறிந்தோர் கருதினர். அது விநாடிக்கு 2,800 அடி வேகத்தில் பாய்ந்து, உடலுக்குள் சிதறிப் பெருஞ்சேதம் விளைவிக்கும். இந்தச் சிறு குண்டினால் 400 ராத்தல் எடையுள்ள ஆட்கொல்லிப் புலி ஒன்றை வீழ்த்தியதாகப் பாதிரியார் எழுதிய செய்தியை நிறுவனம் தன் விளம்பரங்களில் பெருமிதத்தோடு பயன்படுத்திக்கொண்டது. தென்சீன இனத்தின் ஆண்புலி சராசரியாக 130 முதல் 175 கிலோவரைதான் இருக்கும். 400 ராத்தல் என்பது 180 கிலோவைத் தாண்டுகிறது. வேட்டைக்காரர்களின் தராசு எத்தேசத்திலும் சற்றுத் தாராளமானதே. பாதிரியார் தராசும் அதற்கு விலக்கன்று போலும்.

அத்தகைய துப்பாக்கியை அவர் வைத்திருக்க முடிந்ததும் ஒரு சலுகையே. 1844ஆம் ஆண்டின் வாங்ஷியா உடன்படிக்கைப்படி அமெரிக்கக் குடிமகன் சீன நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவனல்லன். 1858, 1860ஆம் ஆண்டுகளின் ஏற்பாடுகளால் உள்நாட்டில் நடமாடிப் பிரசங்கிக்கும் உரிமையும் பாதிரிமாருக்குக் கிட்டியிருந்தது. பழைய மருந்துத் துப்பாக்கிக்கு மேல் எதையும் கண்டறியாத ஒரு கிராமத்தில், எந்த அதிகாரிக்கும் பதில் சொல்லவேண்டாத ஒரு மனிதர், தோட்டா நிரப்பிய நவீன ஆயுதத்தோடு வந்து நிற்கிறார் என்றால், அங்கே வேதத்தைக் கேட்பதற்கு முன்னரே அதிகாரம் உணரப்பட்டுவிடுகிறது.

நூலின் பெயருக்குக் காரணமான காட்சி 1910ஆம் ஆண்டுக்குரியது. புலிக்கு இரையாக ஆட்டைக் கட்டிவைத்துக் காத்திருந்த கால்ட்வெல், இளநீல உடை அணிந்த ஒரு குடியானவர் புல்லிடையே குனிந்திருப்பதாக முதலில் நினைத்தாராம். சீனக் குடியானவர் அவுரிச் சாயமிட்ட நீலத் துணி உடுத்துபவராதலால் அவ்வாறு எண்ணியது இயல்பே. மறுபடி உற்றுநோக்கியபோது அது ஒரு பெரும்புலியின் மார்பும் வயிறும் என்று தெரிந்தது. மஞ்சள் இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் கலந்த நீலம். அடிவயிற்றில் அது இன்னும் வெளிறியிருந்தது. வரிகள் மட்டும் சாதாரணப் புலிக்குள்ளவை போலவே தெளிவாக இருந்தன.

பின்னொரு முறை அதே புலியை அவர் கண்ட விதத்தை, நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தமது நூலில் விரிவாகத் தந்திருக்கிறார். மலையுச்சியில் பேனாக் கத்தியால் புல்லையும் பெரணியையும் வெட்டி இடம் ஒழித்து, அங்கே ஆட்டைக் கட்டிவிட்டு, பத்தடி தள்ளிப் புதரில் மறைந்திருந்தார் கால்ட்வெல். ஆடு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. புலியோ எதிர்பார்த்த திசையில் வராமல், கிடங்கின் மறுபுறமாகச் சிறு தடமொன்றில் மெல்ல ஊர்ந்தது. அது ஆட்டை நாடி வருகிறது என்று எண்ணியவர், அதன் பார்வை சென்ற திக்கை நோக்கியதும் திடுக்கிட்டார்; அங்கே இரண்டு சிறுவர்கள் புல்லறுத்துக்கொண்டிருந்தனர். பல்லியைப்போலத் தரையோடு தரையாகச் சில கஜம் நகர்ந்த விலங்கு, தலையை உயர்த்தி, பாய்ச்சலுக்கு ஆயத்தமாகப் பதுங்கிற்று. சுட்டிருக்கலாம், காயம்பட்ட புலி சிறுவர்களைக் கிழித்துவிடும். ஆகவே அவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, புதரிலிருந்து வெளிப்பட்டு, கைகளை வீசிக் கூச்சலிட்டார். நீலப்புலி பின்வாங்கி, சிறிது தயங்கி, புல்லுக்குள் மறைந்தது.

ஓராண்டுக்கு மேலாகத் தேடிய வேட்டையை இரண்டு பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்த இச்செயலில் அவருடைய நற்பண்பு விளங்குகிறது என்பதில் ஐயமில்லை. எனக்கோ இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது: கத்திக்கொண்டிருந்த ஆட்டை அந்தப் புலி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புல்லறுப்பவர்களைத் தேடிவரும் பழக்கம் அதற்கு முன்னரே படிந்திருக்க வேண்டும். புல் அரிவாளுக்கும் புலிக்கும் இடையேயிருந்த நெருக்கத்தை ஆயிரம் புள்ளிவிவரங்களைவிட இந்த ஒரு காட்சி தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

1916ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் தம் மனைவி யவெட்டுடன் சீனத்துக்கு விலங்கியல் பயணம் வந்தபோது, இந்த அபூர்வப் புலியைத் தேடி ஃபூச்சிங் வட்டாரத்துக்கும் வந்தார். குட்டிகளைத் தாயாட்டினின்று பிரித்துக் கட்டி, இரண்டும் ஒன்றையொன்று அழைத்துக் கதற, கிடங்கின் எதிரே மறைந்து பலநாள் காத்திருந்தனர். புலி அருகே வந்தது, போயிற்று, தோல் கிட்டவில்லை. அப்புலிக்கு ‘கண்ணுக்குத் தென்படாப் பெரியவர்’ என்ற பொருளில் அவர்கள் வைத்த செல்லப்பெயர் ஆண்ட்ரூஸ் நூலின் ஓர் அத்தியாயத் தலைப்பாக நின்றுவிட்டது. அப்படி ஒரு நிறம் புலியில் சாத்தியமா என்றால், சாத்தியமில்லை என்று சொல்வதற்கில்லை. வெண்புலிக்கும், பொன்னிறப் புலிக்கும், ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வரிகள் அகன்று கறுத்துத் தோன்றும் புலிக்கும் காரணமான மரபணு மாற்றங்களை இந்நூற்றாண்டின் ஆராய்ச்சி இனங்கண்டிருக்கிறது. வீட்டுப் பூனையில் சாம்பல் நீலம் சர்வ சாதாரணம். ஆயினும் நீலப்புலியின் தோலோ எலும்போ எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. கால்ட்வெல் பொய் சொல்லும் மனிதரென்று கருத இடமில்லை. பறவைகளை நுணுகி ஆராய்ந்து, மகன் ஜானுடன் சேர்ந்து தென்சீனப் பறவைகளைப் பற்றி 1931இல் நூல் வெளியிட்ட கண் அவருடையது. எனினும் ஒருவர் கண்ட காட்சி, எவ்வளவு நேர்மையானதாயினும், சாட்சியமே தவிர நிரூபணமாகாது.

இனி, புலி விழுந்த பின் கிராமத்தில் நடந்ததைப் பார்ப்போம். செத்த புலியைச் சுற்றி ஜனங்கள் திரள்வார்கள். நூலிலும் கந்தைத் துணியிலும் அதன் இரத்தத்தை ஒற்றியெடுத்துக் குழந்தைகளின் கழுத்தில் ரட்சையாகக் கட்டுவார்கள். எலும்பு மருந்துக்கடைக்காரரிடம் நல்ல விலை போகும். கஷாயமாகவும் பசையாகவும் காய்ச்சப்பட்டு வாதநோய்க்கும் பலவீனத்துக்கும் கொடுக்கப்படும். புலி அவர்களுக்கு வெறும் மிருகமாக என்றும் இருந்ததில்லை. அதன் நெற்றி வரிகளில் அரசன் என்பதற்குரிய எழுத்தே எழுதியிருப்பதாக நம்பினர். புலியால் மாண்டவரின் ஆவி அப்புலிக்கே ஏவலாளாகி அடுத்த இரையை அழைத்துவரும் என்று அஞ்சினர். அதே சமயம் பிள்ளைகளுக்குப் புலிமுகக் காலணி தைத்து அணிவித்தனர். கோயில்களில் பலிபீடத்தின் கீழே புலித்தேவரை வைத்து வணங்கினர். பாதிரியார் கொன்றது அவர்கள் பார்வையில் ஒரு கொலைகாரனையும் ஒரு தெய்வாம்சத்தையும் ஒருங்கே.

இந்தத் திரளின் நடுவே நின்றுதான் கால்ட்வெல் பிரசங்கித்தார். எந்த ஊர் தமக்குக் கதவடைத்ததோ அதே ஊர் இப்போது தேநீர் கொடுத்து உட்காரவைத்தது. துப்பாக்கி சுவிசேஷத்துக்கு வழி திறந்தது என்று அவரும், முன்னுரை எழுதிய ஆண்ட்ரூஸும் கண்டனர். வழி திறந்தது உண்மை. ஆனால் யாருக்குத் திறந்தது? ‘நீர்க்கரை’ என்னும் பழைய சீன வீரர் கதையில் வரும் வூ சோங் என்பவனைச் சீனத்தில் அறியாத குழந்தை இல்லை. பதினெட்டுக் கிண்ணம் மது அருந்திவிட்டு, ஜிங்யாங் மேட்டில் எதிர்ப்பட்ட புலியை வெறுங்கையாலேயே அடித்துக் கொன்ற அவனை, ஊரார் பல்லக்கில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுசென்றனர். மாவட்ட நீதிபதி பரிசுத்தொகை அளித்து, காவலர் தலைவனாகவும் நியமித்தார். பரிசை அவன் உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கே பங்கிட்டான். கூத்து மேடையிலும் கதை சொல்லிகளின் வாயிலும் வாழ்ந்த இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு கிராமத்துக்கு, எங்கிருந்தோ வந்த முரட்டு அந்நியன் ஒருவன் புலியைக் கொன்று ஊருக்குள் மதிப்பைப் பெறுவது புதிதன்று. அந்த ஆசனம் பல நூற்றாண்டுகளாகவே போடப்பட்டிருந்தது. கால்ட்வெல் அதில் அமர்ந்தார்.

அதிகாரியின் ஆசனமும் அப்போது காலியாகவே கிடந்தது. நீதிமான் ஒருவர் பதவி ஏற்றால் புலிகள் தாமாகவே ஆற்றைக் கடந்து வேற்று மாவட்டத்துக்குப் போய்விடும் என்று ஹான் வம்சத்துச் சரித்திரங்கள் கூறும். புலியை ஓட்டுவது ஆளுவோரின் ஒழுக்கத்துக்குச் சோதனையாகவே கருதப்பட்டது. 1912இல் மஞ்சு அரசு வீழ்ந்து, 1916இல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயும் மாண்டபின், ஃபூஜியனில் ஆள்வது யார் என்பதே விளங்காத நிலை ஏற்பட்டது. ஆண்ட்ரூஸ் தம்பதியர் மின் ஆற்றங்கரை நகரமாகிய யென்பிங்கில் தங்கியிருந்தபோதே அங்கே கலகம் வெடித்தது. சிப்பாயும் கொள்ளைக்காரனும் மாறி மாறி வரி பிடுங்கிய அந்நாள்களில், கொள்ளைத் தலைவர்களுக்கும் அரசுப் படைக்கும் இடையே சமாதானம் பேசச் சென்றவரும் இதே கால்ட்வெல்தான். புலியை அகற்றுவதும், கொள்ளையரோடு வழக்குத் தீர்ப்பதும் பழைய சீனத்தில் மாவட்ட நீதிபதியின் இரு கடமைகள். கொடுங்கோல் புலியினும் கொடியது என்று கன்பூசியஸ் கூறியதாக வழங்கும் பழங்கதையை அறிந்த ஜனங்கள், இரண்டு கொடுமையினின்றும் காக்க முன்வந்த மனிதரை ஏற்றுக்கொண்டதில் வியப்பென்ன? அவர்கள் ஏற்றது அவர் மதத்தையா, அவர் ஆற்றிய உத்தியோகத்தையா என்ற கேள்வியை அவருடைய நூல் எழுப்பவில்லை. நாம் எழுப்ப வேண்டும். என் துணிபு பின்னதே. புலி அச்சம் நீங்கிய ஊர்களில் சபை ஓரளவு வளர்ந்திருக்கலாம். ஆனால் துப்பாக்கியால் வந்த மதிப்பு துப்பாக்கிக்கே உரியதாக இருந்திருக்கும், அடுத்த புலி வரும்வரையில்.

கால்ட்வெல் பின்னர் ஆண்ட்ரூஸோடு வடசீனம் சென்று மங்கோலிய எல்லையருகே பெருங்கொம்பு மலையாடுகளையும் வேட்டையாடினார். நீலப்புலியை அவர் கொல்லவில்லை. கம்யூனிஸ்டுகளின் புதிய அரசு வந்தபின், வூ சோங்கின் ஆசனத்தில் அரசே அமர்ந்தது: 1950களில் படைவீரர்களும் கிராம வேட்டைக் குழுக்களும் பயிரையும் கால்நடையையும் அழிக்கும் பகையென்று புலியைத் தேடித் தேடிக் கொன்றனர். அத்தசாப்தத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 என்று மதிப்பிடப்பட்ட தென்சீனப் புலிகள், 1977இல் வேட்டை முற்றிலும் தடைசெய்யப்பட்டபோது மிகவும் அருகிவிட்டிருந்தன. 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஃபூஜியன் உள்ளிட்ட மாகாணங்களில் நடந்த ஆய்வில், காட்டில் ஒரு புலியின் தடமும் உறுதியாகத் தென்படவில்லை. இன்று விலங்கியல் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் வாழும் தென்சீனப் புலிகள் யாவும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட ஆறு புலிகளின் வழித்தோன்றல்கள். அந்த ஆறில் ஐந்து குய்ஜோ மாகாணத்தைச் சேர்ந்தவை, ஒன்று மட்டும் ஃபூஜியன் மலையில் பிடிபட்ட பெண்புலி.